தாருக்குள் இருந்த கறள்

எங்கள் பக்கத்து வீதிகளில் இப்போது உப்பைத் தூவுவது குறைந்துவிட்டது. உப்பைக் கரைத்துத் தண்ணீராகவே தெளிக்கிறார்கள். பனி உறைவதற்கு முன்பே லொறி வந்து தெளித்துவிட்டுப் போய்விடுகிறது. போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் கோப்பியோடு நின்றபோது ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ராணி அக்கா, இப்பிடித் தண்ணியா அடிக்கிறது காருக்கு நல்லதோ, கூடாதோ?"

"றோட்டுக்கு நல்லது. காருக்கு, கழுவினால் நல்லது" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, இதையெல்லாம் எங்கள் தமிழ் ஒன்றியத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்றார். நான் கராஜ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் தங்கள் காரை என்ன செய்வது என்று ஆட்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் என்னிடம் இருப்பது அறிவுரை அல்ல. சில மனிதர்களும், அவர்களுடைய வாகனங்களின் அடிப்பக்கமும்தான். அதை எழுதுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். டென்மார்க்குக்கு வந்து கிரின்ஸ்டெட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தேன். அது மூடப்பட்டபோது வேலைவாய்ப்பு அலுவலகம் என்னைச் சில வாரப் பயிற்சிக்கு ஊருக்கு வெளியே இருந்த ஒரு கராஜுக்கு அனுப்பியது. என் கணவர் அன்று காலை, "உமக்குச் சைக்கிள் செயின் கொழுவத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அப்ப போய்க் கோப்பி போட்டுக் குடும்" என்றார்.

கராஜின் முதலாளி பிரெபன். உயரமான, அதிகம் பேசாத மனிதர். அங்கே மோட்டர் திருத்துவதில்லை. வாகனங்களின் அடிப்பக்கத்தை, இரும்பில் ஏறும் கறளிலிருந்து காப்பாற்றுவது மட்டும்தான் வேலை. குளிர்காலம் முழுவதும் வீதியில் கிடக்கும் உப்புநீர் சில்லுகளால் அடிபட்டு மேலே வந்து, இரும்பின் பொருத்துகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது காய்வதில்லை. வெளியே எவ்வளவு மினுக்கினாலும் உள்ளே தின்றுகொண்டே இருக்கும்.

முதல் நாள் பிரெபன் என்னிடம் ஒரு டோர்ச்சைத் தந்து, வாகனங்களை உயர்த்தும் லிப்டில் நின்ற ஒரு வான் வண்டிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார். "என்ன தெரிகிறது?" என்று கேட்டார். கறள் என்பதற்கு டெனிஷ் சொல் அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு தகடுகள் சேரும் இடங்களில் இருந்து மண்ணிறக் கோடுகள் கீழே வழிந்திருந்தன. "அழுகிறது" என்றேன். அந்தச் சொல்லை மட்டும் பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில் கேட்டுப் பழகியிருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கோடுகள் தொடங்கும் இடத்தை விரலால் காட்டி, "சரி. இங்கே இருந்துதான் அழுகிறது" என்றார். பயிற்சி முடிந்த பிறகும் என்னை அவர் அனுப்பவில்லை.

வேலை பழக எனக்கு மூன்று குளிர்காலங்கள் எடுத்தன. முதலாவதில் கழுவினேன், இரண்டாவதில் கழற்றினேன், மூன்றாவதில்தான் கறள் தடுக்கும் எண்ணெயை அடிக்கும் குழாயைக் கையில் தந்தார்.

செய்முறை கேட்பதற்கு இலகுவானது. முதலில் சுடுநீரால் அடியைக் கழுவ வேண்டும். சில்லுகளுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புகளைக் கழற்றினால் உள்ளே போன வருடத்துச் சேறும் இலையும் ஈரமாக அப்பியிருக்கும், அதைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். பிறகு காய விட வேண்டும். பிரெபன் எவ்வளவு அவசரக்காரர் வந்தாலும் காற்றாடியைப் போட்டு, வாகனத்தை ஒரு முழு நாள் காய விடுவார். ஈரத்துக்கு மேல் எண்ணெய் அடித்தால் ஈரத்தைத்தான் காப்பாற்றுவோம் என்பார். காய்ந்த பிறகு பிரேக்கையும் புகைக் குழாயையும் மூடிக் கட்டிவிட்டு, வாகனத்தைத் தாங்கும் உள்ளீடற்ற இரும்புச் சட்டமான சேஸியில் உள்ள இறப்பர் மூடிகளைக் கழற்றி, நுனியில் நாலா பக்கமும் சீறும் முனை பொருத்திய நீண்ட குழாயை உள்ளே கடைசி வரைக்கும் தள்ள வேண்டும். தள்ளும்போது அடிப்பதில்லை. வெளியே இழுக்கும்போதுதான் அடிக்க வேண்டும், அதுவும் மெதுவாக. அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே வரி வரியாக எண்ணெய் படாத இடங்கள் மிஞ்சும், அதை யாரும் காணமாட்டார்கள், உப்பு மட்டும் கண்டுபிடித்துவிடும். கடைசியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். எண்ணெய் சில நாட்களுக்கு நிலத்தில் சொட்டும். சொந்தக்காரர்கள் முறைப்பாடு சொல்வார்கள். வீட்டு வாசலில் ஒரு பழைய கார்ட்போர்ட்டைப் போடுங்கள் என்று சொல்லி அனுப்புவோம்.

பிரெபனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். சேஸியைத் தட்டிக்கொண்டே நடப்பார். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். கெட்டுப்போனது பொத்தென்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்டதும் அவர் முகத்தில் ஒன்றும் மாறாது. டோர்ச்சை அணைத்துவிட்டு லிப்டை இறக்குவார். கெட்ட செய்தியை ஒருநாளும் வாகனம் மேலே நிற்கும்போது சொல்லமாட்டார். அது நாலு சில்லிலும் நிலத்தில் நிற்க வேண்டும், சொந்தக்காரரின் கையில் கோப்பி இருக்க வேண்டும். அதன் பிறகுதான் வாயைத் திறப்பார். பிறருடைய வாகனத்தை உக்கியது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "களைத்துப் போயிருக்கிறது" என்பார்.

ஒருமுறை ஏன் இப்படி என்று கேட்டேன்.

"தலைக்கு மேலே தொங்குகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு யாராலும் சரியாக யோசிக்க முடியாது" என்றார்.

அந்தக் கராஜில் நான் சந்தித்த வாகனங்களில் என்னை உலுக்கியது யேசுதாசன் அண்ணையின் பிக்கப்தான்.

யேசுதாசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஊருக்கு வெளியே ஒரு பெரிய மாட்டுப் பண்ணையில் பால் கறக்கும் வேலை. அவருடைய மனைவி ஜெயசீலி அக்கா அதே வீதியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. ஆகவே காலையில் அக்காவை இறக்கிவிட்டுப் பண்ணைக்குப் போவார், வேலை முடிந்ததும் ஏற்றிக்கொண்டு வருவார். கடும்பச்சை நிறத்தில் ஒரு பழைய பிக்கப். எங்கள் ஆட்கள் புதுக் கார் புதுக் காராக மாற்றிக்கொண்டிருந்த காலத்திலும் அவர் அதை விடவில்லை. பூசைக்கும் அதில்தான் வருவார்கள், கலியாண வீட்டுக்கும் அதில்தான்.

இலை கொட்டி முடிந்த ஒரு நாள் அவர் பிக்கப்போடு கராஜுக்கு வந்தார். அந்தக் கிழமை வாகனப் பரிசோதனை இருந்தது. டெனிஷில் அதைச் சூன் என்பார்கள், அதில் தேறாவிட்டால் வீதியில் ஓட்ட முடியாது.

"தங்கச்சி, உள்ளுக்குக் கொஞ்சம் எண்ணெய் அடிச்சு விட்டியளெண்டால் காணும்" என்றார். "அடியைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. நான் வருசா வருசம் என்ர கையால தார் பூசுறனான். பாருங்கோ, கண்ணாடி மாதிரிக் கிடக்கும்."

லிப்டில் ஏற்றினோம். அவர் சொன்னது உண்மைதான். முன்னிருந்து பின்வரை கறுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது. குளிரில் முற்றத்தில் முதுகு நிலத்தில் பட மல்லாந்து கிடந்து தூரிகையால் பூசிய பூச்சு அது. எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

பிரெபன் சுத்தியலோடு முன்பக்கத்தில் இருந்து தட்டிக்கொண்டு வந்தார். கணீர், கணீர். சாரதிக்குப் பக்கத்து இருக்கைக்கு நேர் கீழே வந்ததும் சத்தம் மாறியது. அதே இடத்தை இன்னொரு தரம் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, அந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டச் சொன்னார். அண்ணையிடம் கேட்டேன். "சுரண்டுங்கோ, ஒண்டும் இராது" என்றார்.

ஸ்குரூ டிரைவரால் ஒரு ஓரத்தை நெம்பினேன். தார் தூளாக வரவில்லை. ஒரு பெரிய தோசை மாதிரி அப்படியே கழன்று என் கையில் விழுந்தது. அதன் மறுபக்கத்தில் இரும்பு செதில் செதிலாக ஒட்டியிருந்தது. ஈரமாக இருந்தது. பிரெபன் அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார் என்னிடம் மெதுவாக. "போன குளிர்காலத்து உப்பு."

லிப்டை இறக்கினார். கோப்பி ஊற்றினார். அண்ணைக்கு அன்றாட டெனிஷ் விளங்கும், ஆனால் வாகனப் பேச்சுக்கு என்னைத்தான் பார்த்தார். பிரெபன் என்னிடம், "இந்த மனிதர் இந்த வாகனத்தை நன்றாகக் கவனித்திருக்கிறார். அதை முதலில் சொல். மற்றதைப் பிறகு சொல்" என்றார்.

சொன்னேன். அண்ணை தலையை ஆட்டினார். பிறகு மற்றதையும் சொன்னேன். தார் சில வருடங்களில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் வெடித்துவிடும். வெடிப்புக்குள்ளால் உப்புத் தண்ணீர் போய்விட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு வருடமும் புதுத் தார் பூசியதால் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. சேஸியின் ஒரு பக்கம் உள்ளுக்குள் கரைந்துவிட்டது. வெட்டி எடுத்துப் புது இரும்பு வைத்து ஒட்ட வேண்டும். அதுவரைக்கும் ஓட்டக்கூடாது, ஓடும்போதே முறியலாம்.

அவர் கோப்பிக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் பூசினதுதான் பிழையோ?"



"எல்லாரும் அப்பிடித்தான் அண்ணை பூசுறவை" என்றேன்.

"நான் கேட்டது அதில்லை."

"ஓம் அண்ணை" என்றேன். "தண்ணி போக விடாமல் அடைச்சது தார்தான்."

அவர் எழும்பினார். "சரி. மேலால ஒருக்கா எண்ணெயை அடிச்சு விடுங்கோ. சூன் முடியட்டும். மிச்சத்தைப் பிறகு பாக்கிறன்."

அதை நான் மொழிபெயர்க்கும் முன்பே பிரெபன் முடியாது என்று தலையை அசைத்துவிட்டார். அண்ணை அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அவர் வெள்ளைக்காரன், அவருக்கு என்ன? நீங்கள் எங்கட ஆள். நீங்கள் சொன்னால் அடிப்பார்."

"அவர் சொன்னாலும் நான் அடிக்கமாட்டன் அண்ணை."

அவர் பிக்கப்பின் திறப்பை எடுத்துக்கொண்டு போய் ஏறினார். பிரெபன் பின்னாலே போய்க் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னார். பிக்கப் நிற்கவில்லை. அது வளைவில் திரும்பி மறையும் வரைக்கும் பிரெபன் வாசலிலேயே நின்றார்.

அந்த இருக்கையில் தினமும் யார் இருப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் புருசன் பெண்சாதிக்கு நடுவில் போய் வாயைக் கொடுப்பது எங்கள் சின்ன ஊரில் எவ்வளவு பெரிய காரியம் என்றும் தெரியும். அடுத்த ஞாயிறே கோவில் முழுக்கக் கதை ஓடும். பிரெபனிடம் கேட்டேன்.

"நான் அவருடைய மனைவிக்குச் சொல்லலாமா?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த இருக்கையில் இருப்பது நீ என்றால், உனக்குத் தெரிய வேண்டும் என்று நினைப்பாயா?"

முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து ஜெயசீலி அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்குக் காட்டேலுமோ ராணி?" என்று கேட்டார்.

அன்று பின்நேரம் பச்சைப் பிக்கப் திரும்பி வந்தது. அக்கா வேலை உடுப்புக்கு மேலே குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். அண்ணை இறங்கவில்லை. மோட்டரை நிற்பாட்டாமல் உள்ளேயே இருந்தார். அக்கா அவருடைய பக்கம் போய், "இறங்குங்கோ. ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்றார். குரல் உயரவில்லை. அவர் இறங்கினார்.

லிப்டை உயர்த்தி டோர்ச்சைப் பிடித்தேன். ஸ்குரூ டிரைவரை அக்காவின் கையில் கொடுத்து, "இதில தள்ளிப் பாருங்கோ" என்றேன். அவர் பயந்து பயந்து வைத்தார். ஒரு பலமும் தேவைப்படவில்லை. பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அக்கா அதை வெளியே இழுத்து, நுனியைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த துணியில் துடைத்து என்னிடம் திருப்பித் தந்தார். முதியவர்களுக்கு ஊட்டிய கரண்டியைத் துடைப்பது மாதிரி அவ்வளவு கவனமாகத் துடைத்தார்.

பிறகு அண்ணையிடம் போனார். "இது இங்கேயே நிக்கட்டும்" என்றார். "நான் இதில ஏறமாட்டன். உங்களையும் ஏற விடமாட்டன்."

"நாளைக்குப் பண்ணைக்கு எப்பிடிப் போறது?"

அவர்கள் தமிழில் பேசியது பிரெபனுக்கு ஒரு சொல் கூட விளங்கியிருக்காது. ஆனால் அவர் அலுவலக அறைக்குள் போய், தன்னுடைய சொந்தக் காரின் திறப்பைக் கொண்டுவந்து நீட்டினார். தனக்குச் சைக்கிள் இருக்கிறது என்றார். அண்ணை வாங்கவில்லை. அக்கா வாங்கினார். வாங்கிப் புருசனின் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

சூனுக்கு வேறு நாள் எடுத்தோம். தாரைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. நாள் கணக்காகச் சுரண்டினேன், முடியிலும் புருவத்திலும் கறுப்புத் தூள். முன்பக்கத் தாருக்குக் கீழே இரும்பு புதிதாக, கறளே இல்லாமல் இருந்தது. எனக்கு விளங்கவில்லை. பிரெபன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். மோட்டரில் பழைய எண்ணெய் ஒழுக்கு ஒன்று இருந்திருக்கிறது. யாரும் கேட்காமலே அது ஓடும்போதெல்லாம் தாரின் வெடிப்புகளுக்குள்ளால் போய் முன்பக்கத்தைப் பூசிக்கொண்டே வந்திருக்கிறது. பக்கத்து ஊர் இரும்பு வேலைக்காரர் வந்து கெட்ட பகுதியை வெட்டி எடுத்துப் புதியதை ஒட்டினார். காய விட்டு, உள்ளும் புறமும் எண்ணெய் அடித்தோம். சூன் தேறியது. அதன் பிறகு அந்தப் பிக்கப் எத்தனையோ குளிர்காலம் ஓடியது. அண்ணை பண்ணை வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதை விற்றார், விற்கும்போதும் சேஸி உறுதியாக இருந்தது. பிரெபன் இப்போது சில்க்போர்க்கில் ஏரிப் பக்கம் இருக்கிறார். கிறிஸ்மசுக்கு நான் மீன் கட்லட் கொண்டுபோனால் வாசலிலேயே நின்று ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வரச் சொல்வார்.

ஆனால் வாகனம் சரியான அளவுக்கு அந்தக் குளிர்காலத்தில் மனிதர்கள் சரியாகவில்லை. பிக்கப்பை எடுக்க வந்த அன்று அண்ணை பிரெபனுக்குக் கை கொடுத்து நன்றி சொன்னார், என் பக்கம் பார்க்கவில்லை. கோவிலில் நான் வணக்கம் சொன்னால் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ஜெயசீலி அக்காவிடம் சொல்லிக் குறைப்பட்டேன். "என்னோடயும் அவ்வளவாகக் கதை இல்லை ராணி" என்றார். "ஏத்துவார், இறக்குவார். றோட்டைப் பாத்துக்கொண்டே இருப்பார். நான் அவரின்ர மரியாதையைக் கெடுத்துப்போட்டன் எண்டு நினைக்கிறாராக்கும்." செய்தது சரி என்று தெரிந்திருந்தும் எனக்கு மனம் ஆறவில்லை.

உப்பு லொறிகள் நின்று, வீதியோரத்தில் புல் பச்சையாகத் தொடங்கிய ஒரு நாள், குளிர்காலத்து உப்பைக் கழுவ என்று அவர் வந்தார். கராஜில் நான் மட்டும்தான் இருந்தேன். லிப்டில் ஏற்றிக் கழுவி முடித்தேன். அதுவரைக்கும் சுவரோரம் நின்றவர் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, உள்ளுக்கு விட்டுப் பாக்கிற கமரா ஒண்டு இருக்காமே."

இருந்தது. ஒரு மெல்லிய வயரின் நுனியில் சின்னக் கமரா. சேஸியின் ஓட்டைக்குள் விட்டுத் திரையை அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உள்ளே இரும்பின் மேல் எண்ணெய் தேன் நிறத்தில் படர்ந்திருந்தது. ஒட்டிய இடம் வந்ததும், "நிப்பாட்டுங்கோ" என்றார். நிற்பாட்டினேன்.

"வெட்டி எடுத்த துண்டை எறிஞ்சு போட்டியளோ?"

எறியவில்லை. தார் பூசுவதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குக் காட்ட என்று பிரெபன் அதைச் சுவர்த் தட்டில் வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தேன். அண்ணை அதைக் கையில் வைத்துத் திருப்பினார். விரல் பட்ட இடம் பொரிந்து தூளாக விழுந்தது.

"இதுக்கு மேலதான் அவள் இருந்தவள்" என்றார்.

விழுந்த தூளைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"அண்டைக்கு நீங்கள் அடிக்கமாட்டன் எண்டு சொன்னதில எனக்குக் கோவம்தான். அது வளைவு தாண்ட முதலே போயிட்டுது. அவள் அந்த ஸ்குரூ டிரைவரை உள்ளுக்கு விட்டாளெல்லோ, அதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. காலமை இருட்டுக்குள்ள, பனிக்குள்ள, எத்தினை நாள் வேகமா ஓடியிருப்பன். பக்கத்தில அவள் நித்திரை தூங்கிக்கொண்டு வருவாள். உங்களைக் கண்டால் அதுதான் ஞாபகம் வரும். வாயைத் திறந்தால் அழுதுபோடுவன் எண்டுதான் திறக்கேல்லை."

"இதை அக்காவுக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"அவ, நீங்கள் கோவத்தில கதைக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா அண்ணை."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு எண்ணம் அவருக்கு வந்ததே இல்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது. துண்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பிக்கப் இன்னும் மேலே நின்றது. இறக்கித் தரட்டுமா என்று கேட்டேன்.

"நிக்கட்டும். பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு, வீதியில் இறங்கி முதியோர் இல்லப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். ஜாக்கெட்டைக் கூட மறந்துவிட்டுப் போனார்.

வேலை முடியும் நேரம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வந்தார்கள். அக்காவின் கண்கள் சிவந்திருந்தன. அண்ணை நேரே லிப்டுக்குக் கீழே போய், கமரா வயரைத் தானே எடுத்து, நான் விட்ட அதே ஓட்டைக்குள் விட்டார். திரையை அக்காவின் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, இது பழைய இரும்பு, இது புது இரும்பு, இதில் ஒட்டினது, தண்ணி இதால வடியும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்த மனிதர் விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

ஜெயசீலி அக்கா ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரையைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.